ஊட்டி உறைபனிக்கும் மான்ட்ரியால் பனிக்கும் ஒரே டயர் ஆகாது

டிசம்பர் பிறந்து தலைக்குந்தா புல்வெளி வெளுக்க ஆரம்பித்ததும் குன்னூரில் இருக்கிற என் டயர் கடைக்கு இரண்டு விதமான கேள்விகள் வரும். ஒன்று உள்ளூர்க்காரர்கள் கேட்பது: "அண்ணா, காலையில வண்டி மேல பனி கட்டி நிக்குதுங்க. இதுக்குன்னே ஸ்னோ டயர் இருக்குதாமே, போட்டுக்கலாமுங்களா?" இன்னொன்று பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கவலையோடு இருப்பவர்கள் கேட்பது: "பையன் கனடாவுல கார் வாங்கியிருக்கான். குளிருக்கு வேற டயர் மாத்தணும்னு கடையில சொல்றாங்களாம். நெசமாவே வேணுமா, இல்ல தலையில கட்டப் பாக்குறாங்களா?"

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். இரண்டாவதுக்கு: கட்டாயம் வேண்டும், அதுவும் நான்கு சக்கரத்துக்கும். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம் பிடிபட்டால் எந்த ஊரில் இருந்தாலும் தனக்கு வேண்டிய டயரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இரண்டு இடத்திலும் டயர் கழற்றி மாட்டியவன். எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, தேயிலைத் தோட்ட வேலைக்கு நீலகிரி ஏறிய குடும்பம். பெரியம்மா வீட்டார் அங்கேயே தங்கி, பின்னாளில் மான்ட்ரியால் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அண்ணன் வைத்திருந்த டயர் பட்டறையில் சில குளிர்காலங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பிக் கடை போட்டேன்.

ரப்பரும் குளிரும்

மார்கழியில் ஊட்டி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. அதே எண்ணெய் மேட்டுப்பாளையத்தில் தண்ணீராக ஓடும். நம் ஊர்க் கார்களில் வரும் டயர் ரப்பரும் அப்படித்தான். அது வெயிலுக்கும் சூடேறிய தாருக்கும் ஏற்றபடி போட்ட கலவை. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக அது இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்காது, மேலாகவே நழுவும். சாலையில் பனி ஒரு துளி இல்லாமல் காய்ந்து கிடந்தாலும், கடுங்குளிரில் நம் ஊர் டயர் பிரேக்குக்குத் தாமதமாகத்தான் நிற்கும்.

விண்டர் டயரின் (ஸ்னோ டயர் என்று கேட்பதும் இதைத்தான்) கலவையே வேறு. இயற்கை ரப்பரும் சிலிக்காவும் அதற்கென்று தனி அளவில் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியிலும் இறுகாமல் இருக்கும்படி செய்கிறார்கள். கூடவே பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) ஒவ்வொன்றிலும் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். சக்கரம் தரையில் அழுந்தும்போது அந்தக் கீறல்கள் விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் பனியைக் கவ்வும். பட்டன்களுக்கு நடுவே ஓடும் பெரிய காடிகள் ஆழமாக இருப்பதால் பனி அதற்குள் போய் அடைந்துகொள்ளும். பலர் நினைப்பதுபோல் அது கெடுதல் இல்லை. பனியோடு பனி நன்றாக ஒட்டும், டயருக்குள் அடைந்த பனி சாலையில் கிடக்கும் பனியைப் பிடித்துக்கொள்ளும். பனிக்கென்று இப்படித் தனி டயர் செய்ய முதலில் இறங்கியவர்கள் பின்லாந்துக்காரர்கள். இன்றைய நோக்கியன் கம்பெனி 1934இல் லாரிக்கும், 1936இல் ஹக்கபெலிட்டா என்ற பெயரில் காருக்கும் விண்டர் டயர் கொண்டுவந்தது.

நீலகிரிக்கு ஏன் வேண்டாம்?

ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் பூஜ்யம் டிகிரி வரும், சில இடங்களில் அதற்கும் கீழே போகும். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு 20 டிகிரி. அதே வண்டியை எடுத்துக்கொண்டு மலை இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி. விண்டர் டயரின் மென்மையான ரப்பர் அந்தச் சூட்டில் குழைந்து வளைவுகளில் நெளியும், பட்டன் வேகமாகத் தேயும், ஈரத் தாரில் சாதாரண டயரைவிடத் தள்ளிப் போய் நிற்கும். விடியலில் ஓரிரு மணி நேரக் குளிருக்காக மீதி நாள் முழுவதும் பிடிப்பை இழப்பது சரியில்லை.

நம் உறைபனி விழுகிற விதமும் வேறு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அவலாஞ்சி என்று தாழ்வான இடங்களில் புல் வெளுக்கிறது. புல்லிலும் கார் கூரையிலும் படிகிற அளவுக்குத் தார்ச்சாலையில் படிவதில்லை. தார் பகலில் வாங்கிய வெயிலைக் கொஞ்சம் வைத்திருக்கும். வெயில் எட்டாத சோலை நிழலில், ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஓடுகிற வளைவில் மட்டும் விடியலில் ஜாக்கிரதை. அங்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கண்ணாடியாகத் தண்ணீர் உறைந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் மிக மோசமாக வழுக்கும். மைனஸ் 20இல் இருக்கும் பனிக்கட்டியில்கூட அதைவிடப் பிடிப்பு உண்டு. அந்த நேரத்தில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி. முன்கண்ணாடியில் பனி கட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

நம் மலைக்கு உண்மையான ஆபத்து தண்ணீர். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை; 2009 நவம்பரில் மலைச் சரிவுகள் எத்தனை உயிரைக் கொண்டுபோயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மழை விட்ட பிறகும் சாலை காயாது. மஞ்சு இறங்கி நனைக்கும். சில்வர் ஓக் இலை நனைந்து ஒட்டிக் கிடக்கும். கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து கழுவிய கேரட் ஏற்றி வரும் லாரி வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போகும். மண் சரிந்த இடத்தில் சேற்றை வழித்த பிறகும் ஒரு பசை மிச்சம் இருக்கும். இவற்றையெல்லாம் மனதில் வைத்துத்தான் இங்கே டயர் வாங்க வேண்டும்.

மலையில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியவை

பட்டன் ஆழம் முதலில். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். காடிக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேட்டோடு பட்டன் சமமானால் அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். என் கடையில் நான் சட்டத்தைச் சொல்வதில்லை. 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றச் சொல்கிறேன். காடியின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் போனால் தண்ணீர் டயருக்கு அடியிலேயே நிற்கும், வண்டி அதன் மேல் மிதக்கும். பர்லியார் இறக்கத்தில் பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மிச்சப்படுத்துகிற காசு எனக்குக் காசாகத் தெரியவில்லை.

அடுத்தது வயசு. இதில்தான் குன்னூர்க்காரர்கள் அதிகம் தவறிப்போகிறார்கள். ஓய்வு பெற்று இங்கே வந்து குடியேறியவர்கள் மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வண்டியை எடுப்பதில்லை. எட்டு வருஷம் ஆன டயரைக் காட்டி, "பட்டன் அப்படியே இருக்குதே தம்பி" என்பார்கள். பட்டன் இருக்கும். ரப்பர் இறுகிப்போயிருக்கும், பக்கச்சுவரில் நகம் பதியாது, மெல்லிய வெடிப்புகள் ஓடும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 1423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் தயாரானது. இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கும், வண்டிக்கு அடியில் தலை நுழைத்துப் பார்க்க வேண்டி வரலாம். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். பத்து வருஷம் தாண்டியதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். புதுசு வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும்.

அளவு எழுத்துகளை ஒருமுறை படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். ஸ்விஃப்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால்: அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 15 அங்குலம், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. கம்பெனி கொடுத்த எடைக் குறிக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். குடும்பமும் சாமானுமாக மலை ஏறும் வண்டிகள் நம்முடையவை.

காற்று விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மேட்டுப்பாளையத்தில் டயரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு ஏறினால் ஊட்டியில் எவ்வளவு காட்டும்? குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கும். 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு மூன்றரை இறங்க வேண்டும். ஆனால் மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்று அளக்கும் கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வித்தியாசத்தை என்பதால் அந்த வகையில் 3 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும். இரண்டும் ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துவிடும். அதனால் ஏறுவதற்கென்று காற்றைக் குறைக்கவும் வேண்டாம், இறங்குவதற்கென்று கூட்டவும் வேண்டாம். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில், கையேட்டில் போட்ட அளவை வையுங்கள். மலை இறங்கி பிரேக் சூடும் டயர் சூடும் சேர்ந்திருக்கும்போது கேஜ் அதிகம் காட்டினால் காற்றைத் திறந்து விடாதீர்கள். ஆறினதும் குறைவாகப் போய்விடும். காற்று குறைந்த டயர் கொண்டை ஊசி வளைவில் ஓரத்தில் சாய்ந்து ஓடும். முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகி வருகிற வண்டிகள் என் கடையில் தினமும் நிற்கின்றன. மலையிலேயே ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடச் சொல்வது என் வழக்கம்.

புதுசாக இரண்டு மட்டும் வாங்கினால்

பெரும்பாலான கார்களுக்கு முன் சக்கரம்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கிலும் அதிகம் தாங்குகிறது. அதனால் புது டயரை முன்னால் போடு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பின்னால்தான் போடுவேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. இருந்தாலும் இதை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

ஈர வளைவில் முன் டயர் பிடிப்பு விட்டால் வண்டி வளையாமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாவது கையில் தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னுக்கு வந்து பிடிப்பு திரும்பிவிடும். பதற்றத்தில் யாரும் தானாகவே செய்வதும் அதுதான். பின் டயர் விட்டால் நடப்பது வேறு. வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். ஸ்டியரிங்கில் முன்னறிவிப்பு வராது. பயந்து காலை எடுத்தாலோ பிரேக் அழுத்தினாலோ பின்பக்கம் இன்னும் லேசாகி இன்னும் வீசும். இறக்கத்தில் பாரம் ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருப்பதால் இது சீக்கிரம் நடக்கும். சுற்றிச் சமதளம் இருந்தால் வண்டி ஒரு சுற்று சுற்றி நிற்கும். நம் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அதனால் நல்ல டயர் எப்போதும் பின்னால். பழைய இரண்டும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் இரண்டு வாங்குவதில் பயனில்லை, நான்காக வாங்குங்கள்.

ஜீப் வகை வண்டிகளுக்குப் பெரிய கட்டை கட்டையான ஆல்-டெரைன் டயர் போடும் ஆசை இப்போது அதிகம். எஸ்டேட் மண் சாலையில் தினமும் ஏறி இறங்குகிறவருக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் போய் வருகிறவருக்குத் தேவையில்லை. ஈரத் தாரில் அது சாதாரண டயர் அளவுக்கு நிற்காது. வெலிங்டனுக்கு மாற்றலாகி வருகிற ராணுவக் குடும்பங்கள் சிலர் வடக்கே பனிமலையில் ஓடிய டயரோடே வருவார்கள். அவர்களுக்கும் சொல்வது இதுதான்: மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

பனி விழும் நாட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

அங்கே கணக்கு தலைகீழ். மான்ட்ரியாலில் நவம்பரிலிருந்து மார்ச் கடைசி வரை பகலிலும் 7 டிகிரியைத் தொடாத நாட்கள்தான் அதிகம். வெயிலுக்கான டயரோடு அங்கே சிக்னலில் நிற்கவே முடியாது.

பார்க்க வேண்டிய முதல் அடையாளம் டயரின் பக்கத்தில் இருக்கும் படம்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கொண்டுவந்த குறி இது. பனியில் சோதித்து, ஒப்பிட வைத்திருக்கும் ஒரு சாதாரண டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுப்பு காட்டினால்தான் அந்தப் படம் கிடைக்கும். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் சேற்றுக்கும் பனிக்குமான காடி அமைப்பு என்று தயாரித்தவர் சொல்கிறார், அவ்வளவுதான். ரப்பர் குளிரில் இறுகாது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஆல்-சீசன் என்று விற்பதில் பெரும்பாலும் எம்+எஸ் மட்டும்தான் இருக்கும். ஆல்-வெதர் என்று ஒரு வகை உண்டு, அதில் பனிப்பூ இருக்கும், வருஷம் முழுக்க மாட்டியே இருக்கலாம். குளிர் குறைவான வான்கூவர் போன்ற ஊருக்கு அது போதும். மான்ட்ரியாலுக்கும் வின்னிபெக்குக்கும் முழு விண்டர் டயர்தான் என் தேர்வு.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிப்பூ குறியுள்ள டயர் கட்டாயம். விண்டர் டயர் கட்டாயம் என்ற சட்டம் அங்கே 2008 குளிர்காலத்திலிருந்தே இருக்கிறது. ஆரம்பத்தில் டிசம்பர் 15 என்றிருந்ததை 2019இல் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் விண்டர் டயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டணத்தில் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. போட்டதைச் சொல்லிக் கேளுங்கள், புதுசாகப் போகிற பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் வேண்டும். அங்கே எம்+எஸ் செல்லும், பட்டன் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜெர்மனியில் தேதி கிடையாது. சாலையில் பனியோ உறைபனியோ பாதி உருகிய பனிச் சகதியோ இருந்தால் விண்டர் டயர் இருக்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து பனிப்பூ குறி உள்ளது மட்டுமே கணக்கு. ஐரோப்பாவில் டயரோடு ஒட்டி வரும் லேபிளில் 2021 மே முதல் பனிக்கும் பனிக்கட்டிக்கும் தனித் தனிப் படங்கள் இருக்கின்றன. பனிக்கட்டிப் படம் உள்ளது சுவீடன், பின்லாந்து மாதிரி வடக்கு நாடுகளுக்கு.

இரும்பு ஆணி பதித்த டயர் பற்றியும் கேட்கிறார்கள். உறைந்த ஏரிக்கரைச் சாலைகளில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது உதவும். நகரத்துக்குள் சத்தமும் சாலைத் தேய்மானமும்தான் மிச்சம். ஜெர்மனியில் தடை, கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி. நகரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆணி இல்லாததே போதும்.

நான்கும் மாற்ற வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பது மேலே பின் டயர் பற்றிப் படித்தவருக்குப் புரிந்திருக்கும். முன்னால் மட்டும் விண்டர் டயர் போட்டால் முன் சக்கரம் பிடிக்கும், பின்பக்கம் பனியில் தனியாகச் சறுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றாலும் விதிவிலக்கு இல்லை. அந்த அமைப்பு கிளம்ப உதவும், நிற்கவும் திரும்பவும் டயர்தான் உதவும்.

தனி ரிம் வேண்டுமா?

வேண்டும் என்பேன். ஒரே ரிம்மில் வருஷத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி, பேலன்ஸிங், டயரின் ஓரக் கம்பிக்குத் தேய்மானம். விண்டர் டயரை ஒரு செட் இரும்பு டிஸ்க்கில் (இரும்பு ரிம்) நிரந்தரமாக ஏற்றி வைத்தால் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு மாற்றலாம். சில வருஷத்தில் ரிம் விலை திரும்பி வந்துவிடும். பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்பு அலாய் வீலின் பூச்சுக்குள் புகுந்து அரிக்கும், டயர் உட்காரும் விளிம்பில் அரித்தால் காற்று மெதுவாகக் கசியும். இரும்பு டிஸ்க்கும் துருப்பிடிக்கும், ஆனால் மலிவு. பனி மூடிய பள்ளத்தில் விழுந்தால் உடையாமல் வளையும், தட்டி நிமிர்த்தலாம்.

ரிம்மை ஓரிரண்டு அங்குலம் குறைத்து, டயரையும் கொஞ்சம் ஒல்லியாக்குவது அங்கே பழக்கம். 225/45 ஆர்17 போட்ட காருக்கு 205/55 ஆர்16 அல்லது 195/65 ஆர்15 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 63 சென்டிமீட்டர். ஒல்லியான டயர் அதே பாரத்தைக் குறுகிய இடத்தில் இறக்குவதால் பனிச் சகதியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தின் அடியைத் தாங்கும். விலையும் குறைவு. எடைக் குறியும், உங்கள் வண்டிக்குக் கையேடு அனுமதிக்கும் அளவா என்பதும் பார்த்தே எடுக்க வேண்டும். ரிம் சின்னதானால் பிரேக் காலிப்பரில் உரசும் வண்டிகள் உண்டு. (நம் ஊரில் இதற்கு நேர்மாறாகப் பெரிய அலாய், மெல்லிய டயர் என்று ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறார்கள். மழையில் பெயர்ந்த ஒரு பள்ளம் போதும், பக்கச்சுவர் கிழிந்துவிடும்.)

எந்த ஊரானாலும் ரிம் வாங்கும்போது நான்கு அளவுகள் பொருந்த வேண்டும். நட்டு வட்டம்: ஸ்விஃப்டுக்கு 4x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு நட்டு; இன்னோவாவுக்கு 5x114.3. நடுத் துளை: ஸ்விஃப்டில் 54.1 மில்லிமீட்டர், புது ரிம்மின் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் உதறும். ஆஃப்செட்: ரிம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பது, மாறினால் மட்கார்டிலோ சஸ்பென்ஷனிலோ உரசும், பேரிங்கும் சீக்கிரம் போகும். கடைசியாக நட்டின் உட்காரும் பகுதி: கூம்பா, உருண்டையா என்று. 112 வட்டத்தையும் 114.3 வட்டத்தையும் "ஒரு ரெண்டு மில்லிதானே" என்று இழுத்துப் பூட்டக் கூடாது. நட்டு சரியாக உட்காராது, ஓட ஓடக் கழலும்.

டயர் அழுத்தம் காட்டும் சென்சார் உள்ள வண்டிக்கு இரண்டாவது செட் ரிம்மிலும் சென்சார் போட்டுவிடுங்கள். குளிரில் அது நிஜமாகவே தேவைப்படும். 20 டிகிரி கராஜில் 33 வைத்த டயர் வெளியே மைனஸ் 20இல் நின்றால் சுமார் 26 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். மலையில் உயரம் செய்யும் சமாளிப்பு அங்கே கிடையாது. மாதம் ஒருமுறையாவது, வெளியே நின்று குளிர்ந்த டயரில் பாருங்கள்.

பழைய டயர் வாங்குகிற மாணவர்களுக்கு

முதல் குளிர்காலத்தில் கையில் காசு இருக்காது, தெரியும். பழைய விண்டர் டயர் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன விண்டர் டயர் பனியில் வேலை செய்யாது. ஒரு குளிர்காலமாவது ஓட வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். வெயில் காலம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டிய விண்டர் டயர் என்றால் பட்டன் ஓரங்கள் உருண்டு போயிருக்கும், கீறல்கள் பாதி மறைந்திருக்கும். அதை வாங்க வேண்டாம்.

நேரமும் முக்கியம். முதல் பனி விழுந்த மறுநாள் பட்டறை வாசலில் வரிசை தெருமுனை தாண்டும், நான் அதற்குள் நின்று வேலை செய்தவன். அக்டோபர் நடுவிலேயே முடித்துவிடுங்கள். கழற்றுவது காலை நேரமும் 7 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு, பெரும்பாலும் ஏப்ரலில்.

மாற்றும்போது ஹப்பில் (ரிம் போய் உட்காரும் நடுப்பகுதி) படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் ரிம்மை உட்கார வையுங்கள். துரு நடுவில் நின்றால் பின்னால் நட்டு தளரும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அந்தப்படியே மாட்டுங்கள். நட்டை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, கையேட்டில் போட்ட டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை அதே அளவுக்குச் சோதியுங்கள். இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

கழற்றிய செட்டைக் கழுவி, உப்பு போக்கி, காய வைத்து, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் படுக்க வைத்து அடுக்கலாம், தனி டயர் என்றால் நிமிர்த்தி வையுங்கள். மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். அடுக்குவதற்கு முன் கேஜ் வைத்து ஆழம் பாருங்கள். 4 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் அதை வைத்துக் காப்பாற்ற வேண்டாம். அடுத்த செட்டை ஆகஸ்டிலேயே, கடையில் எல்லா அளவும் இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.